பொம்பிளைக்குப் பகடி வராதாம்!

'பெண்களுக்கு நகைச்சுவை வராது.' நாகர்கோவிலில் இதை யாரும் வாதம்போலச் சொல்வதில்லை. ஐப்பசியில் மழை பெய்யும் என்று சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஊர் என்பதால் நம்மவர்களுக்கு இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் தோரணை கொஞ்சம் கூடுதல். இலக்கியக் கூட்டம் நடத்துகிறவர்கள், பட்டிமன்ற நடுவர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் என்று யாரும் விலக்கில்லை. பெண்களிலேயே பலர் தலையாட்டுகிறார்கள். அதனால் இதைத் திண்ணைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. நேருக்கு நேர் உட்கார்ந்து பதில் சொல்லத்தான் வேண்டும்.

அவர்கள் தரப்பை முதலில் குறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது 1931-ல். என்.எஸ். கிருஷ்ணன், டி.எஸ். துரைராஜ், தங்கவேலு, சந்திரபாபு, நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன், கவுண்டமணி, செந்தில், ஜனகராஜ், விவேக், வடிவேலு, சந்தானம், யோகி பாபு என்று மூச்சு வாங்காமல் பதினைந்து ஆண்களைச் சொல்லலாம். பெண்களில் மனோரமா, கோவை சரளா; அதோடு விரல் நின்றுவிடுகிறது. அந்த இருவரும்கூட ஏதோ ஒரு ஆணுக்கு ஜோடியாக வந்து சிரிக்கவைத்தவர்கள்தான். பாணி என்று பார்த்தால் எல்லாருக்கும் ஒன்றே ஒன்று, கத்தல். சிரிக்கவைக்கிறவன் முதலில் தன்னையே கேவலப்படுத்திக்கொள்ளத் துணிய வேண்டும். பெண் தன் அழகை விட்டுக்கொடுக்க மாட்டாள். கடைசியாக, இது இயல்பு: பெண்ணுக்கு அழுகை, ஆணுக்குக் கேலி. இப்படிச் சொல்கிறவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் 2007-ல் 'வேனிட்டி ஃபேர்' இதழில் இதையே ஒரு கட்டுரையாக எழுதினார். பெண்ணைக் கவர ஆணுக்குச் சிரிப்பு தேவைப்படுகிறது, பெண்ணுக்கு அந்தத் தேவை இல்லை என்பது அவர் போட்ட கணக்கு.

பட்டியல் பொய்யில்லை. ஜோடி என்பதும் பெரும்பாலும் உண்மை. அந்த உண்மைகளை வைத்துக் கட்டிய முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடாதவரைத் தோற்றவர் கணக்கில் எழுதலாமா?

அந்தப் பதினைந்து பேரில் மூத்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? நாடகக் கம்பெனிகளிலிருந்து. கலைவாணர் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் நடித்துத் தேறியவர். பாய்ஸ் கம்பெனி என்றே அன்று பெயர். பத்து வயதுப் பையனைக் கொண்டுபோய் விட்டால் பாட்டு, வசனம், எந்த இடத்தில் நிறுத்தினால் கொட்டகை சிரிக்கும் என்கிற கணக்கு எல்லாம் ராப்பகலாகப் படிப்பான். பெண் வேடமும் பையன்களுக்கே. டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்துப் பெற்ற புகழில் 'ஔவை' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பெண் வேடத்துக்கே பெண்ணை எடுக்காத இடத்தில் கோமாளி வேடத்தை யார் கொடுத்திருப்பார்கள்?

சினிமாவுக்கு வந்த பிறகும் இதே கதைதான். கலைவாணர் தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே எழுதி அமைத்துக்கொண்டார். கவுண்டமணிக்கும் செந்திலுக்கும் ஏ. வீரப்பன் எழுதினார். பின்னால் வந்த நகைச்சுவை நாயகர்களைச் சுற்றி எழுதவும் யோசிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பெண்ணை நடுவில் உட்காரவைத்து அவளுக்காக ட்ராக் எழுதிய குழு எது? ஒன்றைச் சொல்லுங்கள்.

எழுதியபோது என்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. 1967-ல் பாலச்சந்தர் 'பாமா விஜயம்' எழுதினார். பக்கத்து வீட்டுக்கு நடிகை குடிவந்ததும் மூன்று மருமகள்கள் போடும் ஆட்டம்தான் படம். சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி மூவருமே நகைச்சுவை நடிகைகள் என்று பெயர் வாங்காதவர்கள், மூவருமே சிரிக்கவைத்தார்கள். 1994-ல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கிரேசி மோகன் வசனம் எழுதிய 'மகளிர் மட்டும்' வந்தது. ஊர்வசி, ரேவதி, ரோகிணி. இவர்களில் ரேவதியையும் ரோகிணியையும் அதற்கு முன்னால் காமெடிக்கு என்று யாராவது கூப்பிட்டிருப்பார்களா? எழுத்து வந்தது, சிரிப்பும் வந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெண்களில் மலையாக நின்ற மனோரமா சிறு வயதிலேயே நாடக மேடை கிடைத்தவர். பையன்களுக்குக் கிடைத்த பயிற்சி கிடைத்த பெண், பையன்கள் அளவுக்கு, பல நேரம் அவர்களுக்கு மேலேயே வந்துவிட்டார். இதில் எந்த மர்மமும் இல்லை.

2. எத்தனை விதிவிலக்கு சேர்ந்தால் விதி செத்துப்போகும்?

மனோரமா என்றால் 'அவங்க விதிவிலக்கு' என்பார்கள். கோவை சரளா என்றால் 'அவங்களும் விதிவிலக்கு'. ஊர்வசி என்றால் 'அவங்க ஹீரோயின்லா'. சுகுமாரி என்றால் 'அது மலையாளம்'. டி.பி. முத்துலட்சுமி என்றால் 'அது தங்கவேலு காமெடி'. கேட்கிற ஒவ்வொரு பெயருக்கும் வெளியேற ஒரு வாசல் தயாராக இருக்கிறது. எந்தச் சாட்சி வந்தாலும் தோற்காத கருத்தை நீதிமன்றத்தில் கருத்து என்று ஏற்க மாட்டார்கள், பிடிவாதம் என்பார்கள்.

3. ஜோடி என்றால் பாதி வேலை. அந்தப் பாதியை யார் செய்தது?

இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். எதிர்த்தரப்பின் பலம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த ஊர் இது. வில்லடித்துக் கதை சொல்கிறவர் ஒருவர். எதிரே இருந்து 'ஆமா' போட்டு, கேள்வி கேட்டு, தெரியாததுபோல் நடித்து, கதையை அடுத்த கட்டத்துக்குத் தள்ளுகிறவர் இன்னொருவர். அவர் சரியில்லை என்றால் கோயில் கொடை முடிவதற்குள் பாதிக் கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். இது அம்மன் கோயில் முற்றத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அதே ஆள் சினிமாவைப் பார்க்கும்போது மட்டும், எதிரே நிற்கிற பெண் சும்மா நிற்கிறாள் என்கிறார்.

1963-ல் வந்த 'அறிவாளி'யில் தங்கவேலு மனைவிக்குப் பூரி சுடச் சொல்லிக்கொடுக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கவேலு சொல்வது என்ன? மாவு, தண்ணீர், எண்ணெய். அதில் ஒரு சிரிப்பும் இல்லை. ஒவ்வொரு படிக்கும், தனக்கு அது முன்பே தெரியும் என்று டி.பி. முத்துலட்சுமி அசராமல் சொல்லிக்கொண்டே போகிறாரே, அந்தக் கள்ளமில்லாத அகம்பாவத்தில்தான் காட்சி ஏறுகிறது. தங்கவேலுவின் பொறுமை அங்குலம் அங்குலமாகக் கரைவது அதற்குப் பிறகு நடக்கிற விளைவு. முத்துலட்சுமியை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு சமையல் குறிப்பு. 1959-ல் வந்த 'கல்யாணப் பரிசு'ம் அப்படித்தான். வேலைக்குப் போவதாகவும் எழுத்தாளர் பைரவன் தானே என்றும் கணவன் அளக்கும் பொய்க்கு ஆழம் வருவது, எம். சரோஜா அதை முழுதாக நம்பி அடுத்த கேள்வி கேட்பதால். நம்புகிற முகம் இல்லாமல் புளுகனுக்கு மேடை ஏது?

'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷ் பிணமாக நடித்ததை ஊரே கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியதுதான், இமைகூட அசையாத நடிப்பு. ஆனால் அந்தப் பிணம் பேசவில்லை, ஓடவில்லை. தப்பான பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் பதறுகிற மூன்று பெண்கள்தான் பேசுகிறார்கள், ஓடுகிறார்கள், மறைக்கிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு ஆண் செத்துக் கிடந்தும் நகைச்சுவைப் பாராட்டு அவருக்கே போகிறது. இதைவிடத் துல்லியமாக நம் கணக்குப் பிழையை யாரும் காட்ட முடியாது.

அமெரிக்க மேடையில் இந்த வேலைக்கு விலை தெரிந்திருந்தது. அபட், காஸ்டெல்லோ என்ற புகழ்பெற்ற இரட்டையரில் காஸ்டெல்லோ கோமாளி. அபட் விறைப்பாக நின்று கேள்வி கேட்கிறவர். தொடக்கத்தில் சம்பளத்தில் 60 பங்கு அபட்டுக்கு, 40 பங்குதான் காஸ்டெல்லோவுக்கு. எதிரே நிற்கிறவர் கிடைப்பதுதான் அரிது என்று அந்தக் கொட்டகைக்காரர்கள் நினைத்தார்கள். நாம் அதே வேலையைச் செய்த பெண்களைத் துணை என்று எழுதிவைத்தோம்.

இனி நம் ஊர் மருமகளுக்கு வருகிறேன். கலைவாணரின் மனைவி டி.ஏ. மதுரம் ஸ்ரீரங்கத்துக்காரர். 1936-ல் 'வசந்தசேனா' படத்தில் கிருஷ்ணனோடு சேர்ந்தார். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். கலைவாணரிடம் ஓர் ஆபத்து இருந்தது, அவரை விரும்புகிறவர்கள் சொல்லத் தயங்குகிற ஆபத்து: அவருக்கு உபதேசம் பிடிக்கும். விட்டால் பிரசங்கம் ஆகிவிடும். அதை ஆகவிடாமல் காத்தவர் மதுரம். கிருஷ்ணன் ஒரு தத்துவத்தை இழுக்கத் தொடங்கினால் மதுரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு வீட்டுக்காரியின் கேள்வி ஒன்றைக் கேட்பார். தத்துவம் தரைக்கு வந்து, சிரிப்பாகி, அப்புறம்தான் நமக்குள் இறங்கும். இந்த வேலை தெரிந்தவர் ஆயிரத்தில் ஒருவர்.

ஜோடிதானே, தனியாக என்ன செய்தார் என்றால் அதற்கும் பதில் இருக்கிறது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கிருஷ்ணன் கைதானார். 1947-ல்தான் வெளியே வந்தார். அந்தக் காலம் முழுவதும் வழக்கு ஒரு கையில், நாடகக் குழு இன்னொரு கையில். எஸ்.வி. சகஸ்ரநாமத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு மதுரம் குழுவை நடத்தினார், மேடையேறி நடித்தார். 'பைத்தியக்காரன்' நாடகம் அந்த நாட்களின் விளைச்சல். 1947-ல் படமாகவும் வந்தது. கணவன் ஆயுள் தண்டனைக் கைதியாக உள்ளே இருக்க, மேடையில் நின்று ஜனங்களைச் சிரிக்கவைத்த பெண்ணைத் துணைப் பாத்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கிருஷ்ணனுக்கும் வரவில்லை போலிருக்கிறது. நாகர்கோவிலில் அவர் வீட்டின் பெயர் 'மதுரபவனம்'.

4. எல்லாம் ஒரே கத்தல் என்கிறவர் காதைத்தான் சோதிக்க வேண்டும்

கவுண்டமணி போட்ட சத்தத்தை யாராவது குறையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவருடையது பாணி. அதே சத்தம் சரளாவிடமிருந்து வந்தால் கத்தல்.

போகட்டும். கோவை சரளாவிடமிருந்தே தொடங்கலாம். அவரிடம் சத்தம் உண்டு, ஆனால் அது கொங்குத் தமிழின் ஏற்ற இறக்கத்தில் வார்த்த சத்தம். மெதுவாக, கிட்டத்தட்டக் கொஞ்சலாக ஆரம்பித்து, வாக்கியத்தின் முக்கால்வாசியில் திடீரென்று மேலே ஏறி, கடைசிச் சொல்லை இழுத்து விடுவார். அடி விழப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும், தெரிந்தும் சிரிப்போம். 1995-ல் பாலுமகேந்திராவின் 'சதி லீலாவதி'யில் கமலுக்கு மனைவியாக வந்தபோது அவர் அதிகம் கத்தவில்லை என்பதைப் படத்தைத் திரும்பப் பார்த்தால் தெரியும். கணவனை முழுக்க அறிந்த கிராமத்து மனைவியின் வெள்ளந்தியும் சாமர்த்தியமும் ஒரே குரலில் வருகிறது. கமல் அந்தப் படத்தில் அவருக்கு ஈடுகொடுக்க ஓடிக்கொண்டே இருக்கிறார்.

மனோரமா வேறு. அவருடைய கருவி காது. எந்த ஊர்ப் பேச்சையும் கேட்டு, அந்தப் பேச்சுக்குள் இருக்கிற ஆளையும் சேர்த்து எடுத்துவிடுவார். 'அனுபவி ராஜா அனுபவி'யில் தூத்துக்குடி, 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் மெட்ராஸ், இன்னொன்றில் அக்கிரகாரம், இன்னொன்றில் செட்டிநாடு. வட்டாரப் பேச்சு என்றால் பெரும்பாலான நடிகர்களுக்கு நாலு சொல்லும் ஒரு இழுப்பும். மனோரமாவுக்கு அது நடை, உட்காரும் விதம், வெற்றிலை மெல்லும் வேகம். 1968-ல் 'தில்லானா மோகனாம்பா'ளில் சிவாஜியும் பத்மினியும் கலையின் உச்சியில் நின்று பார்த்துக்கொள்கிறார்கள். நடுவில் ஜில் ஜில் ரமாமணி என்கிற நாடகக்காரி தன் மலிவான பளபளப்போடு நுழைகிறாள். தான் எந்தத் தட்டில் இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தெரிதல் கண்ணில் ஒரு கணம் வந்து மறைந்து, மறுபடியும் குலுக்கிக்கொண்டு பேச ஆரம்பிப்பாள். சிரிப்பும் வலியும் ஒரே மூச்சில்! நாகேஷிடம் இதைப் பார்த்து மேதை என்றோம்.

சௌகார் ஜானகி சிரிக்கவே மாட்டார். அவர் நகைச்சுவை கௌரவத்தில் இருக்கிறது. 'எதிர்நீச்ச'லின் பட்டு மாமியும் 'தில்லு முல்லு'வின் பொய் அம்மாவும் தங்களை மிகுந்த மரியாதைக்குரியவர்களாகக் கருதுகிறவர்கள். எவ்வளவு அபத்தமான நிலைமையில் மாட்டினாலும் அந்த மரியாதையை விடமாட்டார்கள். கம்பீரமான பெண் கம்பீரம் குறையாமலே கோமாளித்தனம் செய்வதைப் பார்க்கும்போது வருகிற சிரிப்பு தனி ருசி.

அந்த ருசியை இன்னும் ஒரு படி கொண்டுபோனவர் நாகர்கோவிலில் பிறந்தவர். 1940-ல் இங்கே பிறந்து, சோவின் நாடகங்களில் நடித்து, பின் மலையாளத்தில் அசைக்க முடியாத இடம் பிடித்த சுகுமாரி. திருவாங்கூர் சகோதரிகள் லலிதா, பத்மினி, ராகினிக்கு நெருங்கிய உறவு. பிரியதர்ஷன் படங்களில் அவரைப் பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும். 1984-ல் 'பூச்சக்கொரு மூக்குத்தி'யில் மேட்டுக்குடிச் சீமாட்டி, அடுத்த வருஷம் 'போயிங் போயிங்'கில் மோகன்லாலின் வீட்டுக் குளறுபடிகளுக்கு நடுவில் சலித்துக்கொண்டே சமைக்கும் டிக்கம்மாயி. இரண்டும் ஒரே ஆள் என்று நம்புவது கடினம். அந்தச் சமையல்காரியின் எரிச்சலில் ஓர் அணு வீணில்லை. எல்லாரும் ஓடும் படத்தில் ஓடாமல் நின்று சிரிக்கவைக்கிறார். 2003-ல் பத்மஸ்ரீ. 'நம்ம கிராமம்' என்ற தமிழ்ப் படத்துக்குத் தேசிய விருது. கலைவாணரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நம் ஊர்க்காரர்களிடம் சுகுமாரி எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் திருவனந்தபுரம் என்பார்கள்.

ஊர்வசி இந்த வரிசையில் யாரைப்போலவும் இல்லை. அவர் வாக்கியத்தை முடிக்க மாட்டார். ஒன்றைத் தொடங்கி, பாதியில் பயந்து, அதை விழுங்கி, வேறொன்றைத் தொடங்கி, நடுவில் தனக்குத்தானே எதையோ முணுமுணுத்து, எதிராளி கேட்டால் ஒன்றுமில்லை என்பார். மூளை ஓடும் வேகத்துக்கு வாய் ஓட முடியாமல் திணறுவதுதான் அவர் நகைச்சுவை. 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் திரிபுரசுந்தரியாக அவர் பதறும்போது, பக்கத்தில் எஸ்.என். லட்சுமி கைக்குக் கிடைத்ததை எல்லாம் சுருட்டும் பாட்டியாக எந்தக் குற்ற உணர்வும் இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருப்பார். ஒருத்தி முகத்தில் எல்லாம் தெரிகிறது, இன்னொருத்தி முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஒரே காட்சியில் இரண்டு துருவம். 2020-ல் வந்த 'மூக்குத்தி அம்மன்' கதை நடப்பது நாகர்கோவிலில். கணவன் விட்டுப்போன குடும்பத்தைச் சுமக்கும் பால்தங்கமாக ஊர்வசி அதில் செய்வதைப் பார்த்தபோது, வடசேரிச் சந்தையில் கத்திரிக்காய்க்கு விலை பேசும் எத்தனை அத்தைமார் முகம் எனக்கு ஞாபகம் வந்தது!

இவர்கள் எல்லாரையும் ஒரே கத்தல் என்கிறவரிடம் ஒரு கேள்விதான். இவர்களில் யாருடைய வேடத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியும்? பட்டு மாமியைச் சரளாவிடமும் ரமாமணியைச் சௌகாரிடமும் கொடுத்துப் பாருங்கள். வேறு படம்தான் கிடைக்கும்.

5. அழகை விட்டுக்கொடுக்க மாட்டாளா?

இதை நீளமாகப் பேச ஒன்றுமில்லை. 1985-ல் 'சின்ன வீடு' படத்தில் கோவை சரளா பாக்யராஜுக்கு அம்மாவாக நடித்தார். அப்போது அவருக்கு இருபது வயதுக்குச் சற்றே மேல். எந்த ஆண் நடிகராவது அந்த வயதில் தன்னைவிட மூத்த கதாநாயகனுக்கு அப்பாவாக நடித்து, அதிலிருந்தே தன் தொழிலைக் கட்டியிருக்கிறாரா? சச்சு குழந்தை நட்சத்திரமாக வந்து, 1962-ல் 'வீரத்திருமகன்' படத்தில் கதாநாயகி ஆகி, இரண்டே வருடத்தில் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷோடு நகைச்சுவைக்கு இறங்கினார். கதாநாயகி இடத்தைக் கைக்குள் வைத்திருந்தவர் அதை விட்டுவிட்டு வந்ததற்கு என்ன பெயர்?

இங்கே எதிர்த்தரப்புக்கு ஒரு புள்ளியை விட்டுக்கொடுக்கிறேன். பெண்ணின் குண்டையும் கறுப்பையும் பல்லையும் காட்டிச் சிரிக்கச் சொன்ன காட்சிகள் நம் படங்களில் குப்பையாகக் குவிந்திருக்கின்றன. அவை சிரிப்பு வராத காட்சிகள்தான். ஆனால் அவற்றில் அந்தப் பெண்ணுக்கு வசனமே கிடையாது. எழுதியவரின் வறட்சியை நின்றவள் தலையில் கட்டாதீர்கள்.

6. இயல்பிலேயே இல்லை என்று நாஞ்சில் நாட்டில் உட்கார்ந்துகொண்டா சொல்வது?

ஹிச்சன்ஸ் சொன்னால் மன்னிக்கலாம். அவர் நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு வந்தவரில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி காய் நறுக்க உட்காரும் பெண்கள் கூட்டத்தைக் கேட்டவன் இதைச் சொல்ல மாட்டான். மாப்பிள்ளையின் மூக்கு, சம்மந்தக்காரியின் பவுசு, போன வருஷம் சாம்பாரில் உப்பு விட்டுப்போன குடும்பம் என்று ஒருவர் பாக்கியில்லாமல் அரிந்து தள்ளுவார்கள். மயினி ஒரு சொல் எடுத்துக் கொடுப்பாள், கொழுந்தி அதைத் திருப்பி அவள் தலையிலேயே போடுவாள். ஆண்கள் பந்தல் காலில் சாய்ந்துகொண்டு காதைத் தீட்டிக் கேட்பார்கள். மறுநாள் அந்தப் பகடியில் பாதியைத் தங்கள் சரக்காக டீக்கடையில் இறக்குவார்கள். சம்மந்திகளைக் கேலி செய்து பெண்கள் பாடும் ஏசல் பாட்டு தமிழ்நாடு முழுவதும் உண்டு. அதற்குக் கல்யாண வீட்டில் சடங்குக்குரிய இடமே இருந்தது.

எழுத்துச் சாட்சி வேண்டுமா? கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, தேரூர்க்காரர், சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழிச் சொத்துரிமை நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களைத் தின்றுகொண்டிருந்த காலத்தில் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். 1917 வாக்கில் 'தமிழன்' இதழில் வரத் தொடங்கிய அந்த அங்கத நூலைச் சொல்வது யார்? குடும்பத் தலைவரான காரணவர் இல்லை, மருமகன் இல்லை, வக்கீலும் இல்லை. காரணவரின் ஐந்தாவது மனைவி. மாமியார் ஆட்சி, நாத்திமார் அதிகாரம், கோர்ட்டு ஏறிக் குடி முழுகியது எல்லாம் அவள் வாய்வழியாகவே வருகிறது. காப்பியத்துக்குரிய படலப் பெயர்களை அடுக்களைச் சண்டைக்குச் சூட்டியதில் கவிமணியின் குறும்பு தெரிகிறது. 'மாமி அரசியற் படலம்' என்றே ஒன்று உண்டு. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறைக்கு முடிவு கட்டியது. சட்டத்துக்கு முன்னால் ஊரைச் சிரிக்கவைத்துத் தயார் செய்ததில் அந்தப் பெண் குரலுக்குப் பங்கு உண்டு.

உடனே ஒருவர் எழுந்து, 'எழுதினவர் ஆம்பிளைதானே வே' என்பார். ஆமாம், ஆண்தான். அந்த ஆண் தன் காலத்தின் மிகக் கூர்மையான கேலியை எழுத உட்கார்ந்தபோது யார் நாக்கைக் கடன் வாங்கினார் என்பதுதான் என் கேள்வி. பெண்ணுக்குக் கேலி வராது என்று நம்பிய ஊரில் அந்தக் குரலை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். ஏற்றார்கள். தங்கள் வீட்டுப் பின்கட்டில் நாள்தோறும் கேட்ட குரல் அது.

வில்லு ஆண்களின் கலை என்பவர்களுக்கும் ஒரு பெயர் சொல்ல வேண்டும். இதே மாவட்டத்தில் கொட்டாரத்தில் வாழ்ந்து 2018-ல் மறைந்த பூங்கனி, சிறு பெண்ணாக இருந்தபோதே வில்லுக்கு முன்னால் உட்கார்ந்தவர். நடுவில் உட்கார்ந்து, கோலை வீசி, ராமுழுக்கக் கூட்டத்தைக் கட்டிவைத்தவர்.

7. நம்பிக்கைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பவர்களுக்கு

போக முடியாது. இந்த நம்பிக்கையால் வேலை போகிறது. தொலைக்காட்சிச் சிரிப்பு நிகழ்ச்சிகளைப் பாருங்கள். 'கலக்கப்போவது யாரு' மேடையில் அறந்தாங்கி நிஷா போல ஒருசிலர் முட்டி மோதி உள்ளே வந்தார்கள். மற்றபடி மனைவி வேடமா, மாமியார் வேடமா, கூப்பிடு ஒரு ஆணை, கட்டு சேலையை. பாய்ஸ் கம்பெனிகள் மூடி எத்தனை தலைமுறை ஆகிறது! இதில் வேடிக்கை என்னவென்றால், சேலை கட்டிய அந்த ஆண் செய்வது முழுக்கப் பெண்களின் நகைச்சுவைதான். அந்தக் குரல் இழுப்பு சரளாவுடையது, அந்த இடுப்புக் கை மனோரமாவுடையது, அந்த முணுமுணுப்பு ஊர்வசியுடையது. பெண்ணுக்குச் சிரிக்கவைக்கத் தெரியாது என்றால் அந்த ஆண் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டான்?

பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் இதுதான் நடக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு நடனமும் வரவேற்புப் பாட்டும். நகைச்சுவை நாடகம் என்றால் பையன்கள், பெண் வேடத்துக்கும் பையனே. நாடகம் போடும் ஆசிரியர் அடுத்த முறை சேலை தேடி அலைவதற்கு முன்னால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எட்டாம் வகுப்புப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கும் வேப்பமரத்துப் பக்கம் ஒருதடவை சத்தமில்லாமல் போய் நிற்கட்டும். அங்கே ஒருத்தி எழுந்து நின்று யாரோ ஒரு வாத்தியாரைப்போல நடந்துகாட்டிக்கொண்டிருப்பாள். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்ளும் விதத்தைக் கவனித்தால் அது யார் என்று அவருக்கே தெரிந்துவிடும்.